நாற்பதும் இருபதும் ஐம்பத்திரண்டு

ஒரு ஊரில் ஒரு வலது காது இருந்தது.

காது என்றால் தனியாகவா இருக்கும், பக்கத்தில் ஒரு தலை இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். இருந்தது. அந்தத் தலைக்குத் துளசிங்கம் என்று பெயர். பீரங்கிப் படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்து, ஹவில்தாராக வெளியே வந்து, ஊரில் குடிதண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடுகிற வேலை பார்த்தார். ஆனால் இது அவருடைய கதை இல்லை. அவரிடம் போய் அவர் கதையைக் கேட்டால், "எனக்கென்ன, ஃபிட்டா இருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷரை வைத்துக்கொண்டு கதை சொல்ல முடியுமா? அதனால் அவர் காதைப் பிடித்துக்கொள்வோம்.

அந்த உடம்பில் அடிபட்டவர்கள் மூன்று பேர்.

முதலாவது, இடது முழங்கால். மலைச்சரிவில் பீரங்கி வண்டி பின்னால் உருண்டபோது நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே கம்பி, வெளியே ஒரு சாண் நீளத் தழும்பு. அந்தத் தழும்பை வைத்துக்கொண்டு அது பண்ணுகிற ஜம்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினால் போதும், ஊரே தன்னைத்தான் பார்க்கிறது என்று அதற்கு நினைப்பு.

இரண்டாவது, இடுப்பு. குண்டுப் பெட்டி தூக்கித் தூக்கித் தேய்ந்தது. எழுந்தாலும் முனகும், உட்கார்ந்தாலும் முனகும், சும்மா இருந்தால் மறந்துவிடப் போகிறார்களே என்று அதற்கும் ஒரு தரம் முனகும்.

மூன்றாவது, நம் காது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் சுடும் பயிற்சியில், உள்ளே வைத்திருந்த பஞ்சு நழுவி விழுந்த அதே நொடியில் பக்கத்துப் பீரங்கி வெடித்தது. அன்றைக்குப் பிடித்த ஙொய்ங் சத்தம் இன்னும் நிற்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு அடியில் மனுஷர் பேச்சில் பாதிக்கு மேல் முழுகிப்போனது. ஆனால் தழும்பு இல்லை, கம்பி இல்லை, கட்டு இல்லை. பார்க்க இடது காதைவிட லட்சணமாகக்கூட இருக்கும். பாவம், அதுதான் அதற்கு வினையாகப் போயிற்று.

படையில் இருந்தபோது அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் உடம்பின் தரத்தை ஒரு படி இறக்கி எழுதுவார். எழுதினால் பீரங்கியிலிருந்து எடுத்து ஸ்டோரில் வெங்காயத்துக்குக் காவல் போடுவார்கள். வெங்காயத்துக்குக் காவல் நிற்பதைவிடச் செவிடாக இருப்பதே மேல் என்று துளசிங்கம் முடிவு செய்தார். அவர் மட்டும் இல்லை, அந்தப் படையில் பாதிப் பேர் அப்படித்தான். வலியை மறைக்கிறவன் நல்ல சிப்பாய் என்று ஒரு கணக்கு அங்கே.

காது எப்படி மாட்டாமல் தப்பியது என்றால், அதற்குக் கண் என்று ஒரு சிநேகிதன் இருந்தான். கண்கள் இரண்டுதான், ஆனால் புத்தி ஒன்றே என்பதால் ஒரு ஆளாகவே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்கிறவன் தளர்ந்தால் அவன் மூட்டையையும் நீயே தூக்கு, ஆபீசருக்குத் தெரியவிடாதே என்பது படையின் வழக்கம். கண் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. எதிரே நின்று யார் பேசினாலும் உதட்டைப் பார்த்துப் படித்துக் காதுக்குச் சொல்லிவிடும். வருஷா வருஷம் காது டெஸ்ட் வரும். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீசியன் உட்கார்ந்திருப்பார். அவர் சத்தத்தைத் தட்டிவிடும்போதெல்லாம் அவர் தோள் லேசாக ஏறும். கண் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருக்கும். தோள் ஏறினால், "இப்போ" என்று கட்டைவிரலுக்குச் சொல்லும். விரல் அழுத்தும். முடிந்தது. ஃபைலில் ஒவ்வொரு வருஷமும் 'காது: நார்மல்' என்று எழுதினார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. பக்கத்தில் நடந்துகொண்டே பேசுகிறவர்களின் உதட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. துளசிங்கத்துக்கு இடது முழங்கால் போனதால் இடது கையில் தடி. அதனால் அவர் மனைவி மரகதம் எப்போதும் வலது பக்கம்தான் நடந்தாள். வலது பக்கம் நடந்து, வலது பக்கம் பார்த்துப் பேசி, வலது பக்கத்திலிருந்து பதில் வராமல், இந்த மனுஷருக்கு மிலிட்டரித் திமிர் என்ற முடிவுக்கு வந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. துளசிங்கமும் விளக்கவில்லை. விளக்குகிற பழக்கம் இருந்தால்தானே.

நம் கதை நடக்கிற நாளில் இவர்கள் எல்லோரும், மரகதமும்தான், காலை பஸ்ஸில் பட்டணத்து ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடிபட்ட பழைய சிப்பாய்களைப் பார்த்து, யாருக்கு எத்தனை சதவீதம் ஊனம் என்று மருத்துவக் குழு எழுதித் தருகிற நாள் அது. அறுபது சதவீதம் வந்தால் பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கொடுப்பார்கள். துளசிங்கத்துக்கு அந்த ஸ்கூட்டர் கட்டாயம் வேண்டும். தொட்டி, வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். பஸ் கிடையாது. விடியற்காலை ஒரு நடை, சாயந்திரம் ஒரு நடை. போன மாதம் இரண்டு நாள் முழங்கால் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது, தண்ணீர் வர எட்டு மணி ஆயிற்று. இன்னொரு தரம் இப்படி ஆனால் வேறு ஆள் போடவேண்டியிருக்கும் என்று பஞ்சாயத்துத் தலைவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

முழங்காலுக்குப் பயம். ஜம்பம் பேசுகிறதே தவிர, உள்ளுக்குள் அதற்குத் தெரியும், இன்னொரு மழைக்காலம் நடந்தால் தன் கதை முடிந்தது என்று. ஆனால் பஸ்ஸில் அது உற்சாகமாக இருந்தது. எனக்கு நாற்பது, இடுப்புக்கு இருபது, ஆகமொத்தம் அறுபது, ஸ்கூட்டர் என்ன கலர் கேட்கலாம் என்று அது இடுப்போடு ஆலோசனை நடத்தியது. இடுப்பு நீலம் என்றது. முழங்காலுக்குச் சிவப்புதான் பிடித்திருந்தது.

காது மெதுவாக, தனக்கும் ஏதாவது உண்டா என்று கேட்டது.

"உனக்கென்னப்பா? நீதான் நார்மலாச்சே" என்றது முழங்கால்.

இடுப்பு சிரித்தது. சிரித்ததில் வலி எடுத்து முனகியது. காது வாயை மூடிக்கொண்டது, அதாவது காது எப்படி வாயை மூடுமோ அப்படி.

ஆஸ்பத்திரியில் ஒரு நீள ஹால். சுவரோரம் வரிசையாகப் பழைய சிப்பாய்கள். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். டாக்டர் மேடம் முழங்காலைத் தட்டிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், நாற்பது என்று எழுதினாள். இடுப்பை முன்னால் குனியச் சொன்னாள், பின்னால் வளையச் சொன்னாள், இருபது என்று எழுதினாள். இரண்டும் மெடல் வாங்கின மாதிரி வெளியே வந்தன. ஃபைலை எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளார்க் மேஜைக்குப் போனார்கள்.

அந்த மேஜையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழுப்புக் காகிதம் படுத்திருந்தது. இடமிருந்து வலம் எண்கள், மேலிருந்து கீழ் எண்கள், நடுவில் நூற்றுக்கணக்கில் கட்டங்கள். அதற்கு அட்டவணை என்று பெயர். எத்தனையோ ஆயிரம் கை கால்களைப் பார்த்த காகிதம். கோபமும் வராது, இரக்கமும் வராது. கிளார்க் ஒரு விரலை நாற்பதில் வைத்து, இன்னொரு விரலை இருபதில் வைத்து, இரண்டையும் நகர்த்திக்கொண்டு வந்து ஒரு கட்டத்தில் சேர்த்தார்.

"ஐம்பத்திரண்டு" என்றது அட்டவணை.

முழங்காலுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "ஐயா, நல்லாப் பாருங்க. நாற்பதும் இருபதும் அறுபது. எங்க ஊர்ல ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லும்."

"அந்தப் பிள்ளை போடறது கூட்டல். இது உடம்பு" என்றது அட்டவணை.

"அப்போ எட்டு எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலை. இருந்தாத்தானே போறதுக்கு. நல்லா இருக்கிற ஆளுன்னா நூறு. நீ நாற்பதை எடுத்துட்டே. மிச்சம் எவ்வளவு?"

"அறுபது."

"இடுப்பு வந்து எதுல கை வைக்கும்? நீ எடுத்த நாற்பதுல ஒண்ணும் இல்லை, காலி. மிச்சம் இருக்கிற அறுபதுலதான் அதோட இருபது சதவீதம். அது பன்னிரண்டு. நாற்பதும் பன்னிரண்டும் ஐம்பத்திரண்டு. ஏற்கெனவே போன ஆளை இன்னொரு தரம் போக்க முடியாது."

முழங்கால் தொட்டியை நினைத்துப் பார்த்தது. முதல் குழாயில் நாற்பது போன பிறகு, இரண்டாவது குழாய் திறந்தால் இருக்கிற தண்ணீர்தானே வரும். சரியாகத்தான் பட்டது. சரியாகப் பட்டதாலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அதற்குள் இடுப்புக்கு வேறு சந்தேகம். தன் இருபதைப் பன்னிரண்டாகக் குறைத்தது யார் என்று யோசித்து, தன்னை இரண்டாவதாக நிற்கவைத்த முழங்கால்தான் என்று கண்டுபிடித்துவிட்டது. நீ முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய் நின்றாய், நூறில் எடுத்துக்கொண்டாய், நான் முதலில் நின்றிருந்தால் என் இருபது முழுசாகக் கிடைத்திருக்கும் என்று அது பிடித்துக்கொண்டது. முழங்கால் விடுமா? எண்ணில் பெரியவன் முன்னால் நிற்பதுதான் முறை என்றது. யாருக்கு முதலில் அடிபட்டது, யார் மூத்தவன், எந்த மலையில் யார் யாரைத் தூக்கிக்கொண்டு நடந்தது என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. துளசிங்கம் நாற்காலியில் நெளிந்தார். உடம்புக்குள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால் யார்தான் நேராக உட்காருவார்கள்?

அட்டவணை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. "சரி, இடுப்பே, நீயே முதல்ல நில்லு" என்றது.

இடுப்பு மார்பை நிமிர்த்த முயன்று முனகியபடி முன்னால் வந்தது.

"நூறுல உனக்கு இருபது. மிச்சம் எண்பது. எண்பதுல முழங்காலோட நாற்பது சதவீதம் முப்பத்திரண்டு. கூட்டு."

இடுப்பு கூட்டியது. ஐம்பத்திரண்டு. இன்னொரு தரம் கூட்டியது. அதேதான். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. படையில் இருபத்திரண்டு வருஷமும் யார் முன்னால் நிற்பது என்றே பழகியவர்களுக்கு, எப்படி நின்றாலும் ஒன்றுதான் என்பது பெரிய அவமானம்.

"இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்குங்க" என்றது அட்டவணை. "உங்களை மாதிரி பத்துப் பேர் வந்தாலும் நூறை மொத்தமாத் துடைக்க நான் விடமாட்டேன். அவங்கவங்க மிச்சத்துலதான் எடுக்கணும். ஆளுக்குன்னு கடைசியில ஏதாவது மிஞ்சும்."

அது நல்ல வார்த்தைதான். ஆனால் அந்த நேரத்தில் நல்ல வார்த்தை யாருக்கு வேண்டும்? கிளார்க் பென்சிலால் ஐம்பத்திரண்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஐம்பது என்று எழுதினார். கடைசி இலக்கம் ஐந்துக்குக் கீழே இருந்தால் இறக்கிவிட வேண்டும், ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் ஏற்றிவிட வேண்டும், முழுப் பத்தாகத்தான் எழுத வேண்டும் என்பது அந்த ஆபீஸ் விதி. ஸ்கூட்டருக்கு அறுபது வேண்டுமே என்று துளசிங்கம் இழுத்தார். கிளார்க் நல்ல மனுஷர். உச்சுக்கொட்டிவிட்டு, காது டெஸ்ட் ஒன்றுதான் பாக்கி, அதுதான் உங்களுக்கு வருஷா வருஷம் நார்மலாயிற்றே, முடித்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார். எதிரே இருந்து சொன்னதால் கண் படித்துச் சொல்லிவிட்டது.

காது அறைக்குப் போகிற வழியில் முழங்கால் இரண்டு தரம் மடங்கப் பார்த்தது. வலி என்று சொல்ல முடியாது, பயம்தான். பிறகு, அதுவரைக்கும் இல்லாத மரியாதையோடு, "தம்பி" என்று காதைக் கூப்பிட்டது.

காது தன் ஙொய்ங் சத்தத்தைக் கவனிக்கிற மாதிரி பாவனை செய்தது.

"தம்பி, பஸ்ஸில பேசினதை மனசுல வச்சுக்காதே. ஐம்பத்தஞ்சு வந்தாப் போதும், அவங்களே அறுபதா ஏத்திடுவாங்க. இன்னும் மூணுதான். என்னால இதுக்கு மேல நடக்க முடியலைப்பா."

முழங்கால் அப்படி வெளிப்படையாகப் பேசி யாரும் கேட்டதில்லை. காதுக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் இன்னொரு பக்கம் பயம். பதினாலு வருஷம் கட்டிக்காத்த பெயர். இன்றைக்கு எல்லார் முன்னாலும், கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். செவிடு என்பார்கள். பீரங்கிக்காரன் காது என்று இத்தனை நாள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் போயிற்று. அதைவிடப் பெரிய சங்கடம், கண்ணிடம் எப்படிச் சொல்வது?

அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீசியன் உட்கார்ந்தார். கண் வழக்கம்போல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றது.

"இன்னிக்கு நீ மூடிக்கோ" என்றது காது.

கண்ணுக்குக் காதில் விழவில்லையோ என்னவோ, அசையவில்லை. காது மறுபடி சொன்னது.

"எதுக்கு?" என்றது கண். "நான் என்ன தப்பு பண்ணினேன்? பதினாலு வருஷத்துல ஒரு நாள் உன்னை விட்டிருக்கேனா?"

"விட்டதில்லை."

"பின்னே?"

"நீ எனக்காகக் காவல் நின்னு நின்னு, நான் இல்லாமலே போயிட்டேன். ஃபைல்ல என்னைக் காணோம். வீட்டுல அந்த அம்மாவுக்கு என்னைத் தெரியாது, திமிர்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. முழங்கால் நடுரோட்டுல உட்கார்ந்துடும்போல இருக்கு. ஒரு தடவை என்னை மாட்டிவிடுடா."

கண் கலங்கியது. கண் கலங்காமல் வேறு யார் கலங்குவது? தோழனைக் காப்பாற்றத்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காட்டிக்கொடுப்பது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டெக்னீசியன் கையை நீட்டினார். தோள் ஏறப் போகிற நேரம். கண் ஒரு தரம் அந்தத் தோளைப் பார்த்தது, பிறகு மூடிக்கொண்டது.

இருட்டு. ஙொய்ங். அதைத் தவிர ஒன்றும் இல்லை.

கட்டைவிரல் பொத்தான்மேல் காத்திருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காது கூர்ந்து கவனித்தது. இப்போது வந்திருக்குமோ, இதோ வந்ததோ என்று ஒவ்வொரு நொடியும் நப்பாசை. சும்மா ஒரு தரம் அழுத்திப் பார்க்கலாமா என்று தோன்றியது. வேண்டாம் என்று அடக்கிக்கொண்டது. அப்போது கீழேயிருந்து முழங்கால், எதுவுமே கேட்கவில்லை என்று சொல்லிவிடு தம்பி, மூன்று என்ன, ஐம்பதாக வாங்கிவிடலாம் என்று உசுப்பிவிட்டது. சரியாக அந்த நேரத்தில் தடித்த சத்தம் ஒன்று காதில் விழுந்தது. எங்கோ தூரத்தில் யாரோ தகரத்தைத் தட்டுகிற மாதிரி. நிஜமாகவே விழுந்தது.

காது விரலிடம், அழுத்து என்றது. முழங்கால் தலையில் அடித்துக்கொள்ள முடியாமல் தவித்தது. இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டதாகச் சொன்னது போதும், இனி கேட்டதைக் கேட்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன் என்று காது உறுதியாக இருந்துவிட்டது. கேட்டபோது அழுத்தியது, கேட்காதபோது சும்மா இருந்தது.

டெக்னீசியன் காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் மேடத்தைக் கூப்பிட்டார். அவள் பழைய ஃபைலைப் புரட்டினாள். வருஷா வருஷம் கோடு போட்டாற்போல ஒரே நேராக இருந்த பழைய டெஸ்டுகளைப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக எந்த மனுஷக் காதும் கேட்காதே என்றாள். துளசிங்கம் தரையைப் பார்த்தார். பிறகு வெங்காய ஸ்டோர் விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதே கதையைச் சொன்னவர்கள் நிறையப் பேர் போலும். ஃபைலில் இன்னும் பின்னால் போய், பதினாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு சீட்டை எடுத்தாள். 'காதில் இரைச்சல், ஒரு நாள் ஓய்வு' என்று அதில் இருந்தது. அந்தச் சீட்டைத் துணையாக வைத்து, வலது காதுக்குப் பத்து என்று எழுதினாள்.

பத்து! காதுக்குத் தலைகால் புரியவில்லை. முழங்கால் மட்டும், கொஞ்சம் சமயோசிதம் இருந்திருந்தால் இருபதாவது தேறியிருக்கும் என்று கடைசிவரைக்கும் முணுமுணுத்துக்கொண்டு வந்தது.

மறுபடியும் கிளார்க் மேஜை. மரகதம் அதுவரைக்கும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து வந்து வழக்கம்போல் வலது பக்கம் நின்றுகொண்டாள். கிளார்க் ஃபைலைப் பார்த்து ஆச்சரியப்பட்டு விரலை ஐம்பத்திரண்டில் வைத்தார்.

"ஐம்பத்திரண்டு போச்சு. மிச்சம் நாற்பத்தெட்டு" என்றது அட்டவணை. "நாற்பத்தெட்டுல பத்து சதவீதம் நாலு புள்ளி எட்டு."

"பத்துன்னாங்களே" என்றது காது.

"பத்துதான். உன் முறை வரும்போது ஆளுல அவ்வளவுதான் இருக்கு. ஐம்பத்தாறு புள்ளி எட்டு."

முழங்காலுக்குப் புள்ளி என்றாலே அலர்ஜி. அது பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே தசமக் கணக்கு வந்தால் மரத்துப்போகும். புள்ளியை வெட்டுவார்களா, ஏற்றுவார்களா, புள்ளி வந்தால் மொத்தமும் செல்லாதா என்று அது பதறியது. அட்டவணை, என் வேலை முடிந்தது, முழுசாக்குவது கிளார்க் பாடு என்று பேச்சை நிறுத்திக்கொண்டது. எல்லோரும் கிளார்க்கின் வாயைப் பார்த்தார்கள். கண் இமைக்காமல் பார்த்தது.

கிளார்க் பென்சிலால் ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே நாற்காலியைத் திருப்பினார். துளசிங்கத்தின் வலது பக்கம் இருந்த அலமாரியில் முத்திரையைத் தேடியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை சொன்னார்.

இடது காது நல்ல காதுதான். ஆனால் அந்தப் பக்கம் ஒலிபெருக்கி யாரோ ஒருவர் பெயரை மூன்று தரம் கத்திக்கொண்டிருந்தது. கண் உதட்டைத் தேடியது. முதுகில் உதடு ஏது? வரிசையில் நின்றவர்கள் கேட்டுவிட்டார்கள், மரகதம் கேட்டுவிட்டாள். அந்த ஹாலில் கேட்காத ஒரே ஆள், பத்து சதவீதம் வாங்கிக்கொண்டு நிற்கிற நம் வலது காது.

துளசிங்கத்தின் தலை, பழக்கத்தில், ஆமாம் என்று ஆடத் தயாரானது. எப்போதும் அப்படித்தான். புரியாவிட்டால் தலையாட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காது விடவில்லை. ஃபைலில் எழுதியாகிவிட்டது, டாக்டருக்குத் தெரிந்தாகிவிட்டது, இன்னும் என்ன ஒளிவு மறைவு என்று அது துளசிங்கத்தைப் பிடித்து உலுக்கியது. தலை ஆடாமல் நின்றது.

"என்ன சொன்னீங்க?" என்று துளசிங்கம் சத்தமாகக் கேட்டார். "எனக்கு வலது பக்கம் கேட்காதுங்க. திரும்பிச் சொல்லுங்க."

கிளார்க் அலமாரிக்குள் தலையை விட்டிருந்தார்.

மரகதம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மனசுக்குள் ஒரு பெரிய கணக்கு தலைகீழாகப் புரண்டது. கோயிலுக்குப் போகிற வழியில் கேட்டது, அம்மா செத்த அன்றைக்கு பஸ்ஸில் சொல்லி அழுதது, பெண் கல்யாணத்துக்கு எந்தப் புடவை என்று கேட்டுப் பதில் வராமல் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டது. பதினாலு வருஷம் சேர்த்து வைத்த வருத்தத்தில் எத்தனை இனிமேல் செல்லும், எத்தனையைக் கழிக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இத்தனை நாளா நான் எந்தக் காதுல பேசிக்கிட்டு இருந்தேன்?" என்றாள்.

அவள் எதிரே வந்து நின்று சொன்னதால் கண் படித்துச் சொல்லியது.

"கேட்காத காதுல" என்றார் துளசிங்கம்.

"சொல்றதுக்கு என்ன?"

அதற்கு இருந்த ஒரே பதிலை இன்றைக்குத்தான் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மரகதம் அவரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனாள். அவர் கையிலிருந்த தடியை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள். தடி இருந்த இடத்தில் அவள் நின்றாள். முழங்கால் அவள்மேல் சாய்ந்துகொண்டது, அதற்கு ரொம்ப நாளாகவே ஒரு சாய்வு தேவைப்பட்டது.

"அறுபதுன்னு சொன்னாருங்க" என்றாள், இடது காதுக்குப் பக்கத்தில்.

முழங்கால் ஓவென்று அழுதுவிட்டது. இடுப்பு சந்தோஷத்தில் முனகியது. கண் சிமிட்டிச் சிமிட்டி எதையோ உள்ளே தள்ளியது.

மரகதம் அதோடு நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து, இன்னும் மெதுவாக வேறு ஏதோ சொன்னாள். ஒலிபெருக்கிகூட அப்போது ஓய்ந்திருந்தது. துளசிங்கம் ஹால் நடுவில், அத்தனை பேர் முன்னால், வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார்.

வலது காதுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. அது அந்தப் பக்கத்தைக் கூப்பிட்டு, என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று நச்சரித்தது.

இடது காது நுனிவரைக்கும் சிவந்துபோயிருந்தது. "பதினாலு வருஷமும் உனக்குத்தானே சொன்னா" என்றது அது. "இது எனக்கு."